லியர் மன்னனின் பொத்தான்: எச்.எஸ்.சி. ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறவர்களுக்கு

என் தம்பி மகள் இந்த ஜனவரியில் லோவர் சிக்ஸ், அதாவது எச்.எஸ்.சி.யின் இரண்டு ஆண்டுகளில் முதலாவது, சேர்கிறாள். மூன்று பிரின்சிபல் (முதன்மைப்) பாடங்களில் ஒன்றாக ஆங்கில இலக்கியத்தை எடுத்திருக்கிறாள். "இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாள்?" என்று தம்பி கேட்கிறான். அந்த வழக்கை அவனோடு வீட்டில் வைத்துக்கொள்கிறேன். ரோஸ்ஹில்லில் பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தி வருபவள் நான். அத்தை என்ற உரிமையில் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மொரீஷியசில் வீட்டில் கிரியோல், பத்திரிகையில் பிரெஞ்சு, கோவில் வகுப்பில் தமிழ், தேர்வுத்தாளில் மட்டும் ஆங்கிலம் என்று வளர்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

முதலில் தேர்வின் சட்டகம். கேம்பிரிட்ஜ் ஏ லெவல் தேர்வைத்தான் நாம் எச்.எஸ்.சி.யாக எழுதுகிறோம். இப்போதைய பாடத்திட்டத்தில் நான்கு தாள்கள்: நாடகமும் கவிதையும், உரைநடையும் முன்பின் பார்த்திராத பகுதியும், ஷேக்ஸ்பியரும் இன்னொரு நாடகமும், 1900க்கு முந்தைய, பிந்தைய கவிதையும் உரைநடையும். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். ஒவ்வொன்றிலும் இரண்டு விடைகள், விடைக்கு 25 மதிப்பெண். புத்தகத்தை உள்ளே கொண்டுபோக முடியாது. பாட நூல்களில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள் வரும்: ஒன்று பொதுவான கட்டுரைக் கேள்வி, மற்றது அச்சிட்ட ஒரு பகுதியைக் கொடுத்து அதை நுணுகி ஆராயச் சொல்வது. இரண்டில் ஒன்றை எழுதினால் போதும். எந்தெந்த நூல்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கும், ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணனுடைய பழைய நூல்களை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகளின் விடைத்தாள்களை ஒரே நோய் அரிக்கிறது: கதை சொல்வது. நாவலில் என்ன நடந்தது, பிறகு யார் வந்தார், கடைசியில் யார் செத்தார் என்று நான்கு பக்கம் எழுதுவார்கள். எழுத்து அழகாக இருக்கும், இலக்கணப் பிழைகூட இருக்காது, மதிப்பெண்ணும் இருக்காது. திருத்துபவருக்குக் கதை தெரியும். அந்தக் கதையை ஆசிரியர் எப்படிச் செய்திருக்கிறார், அந்தச் செய்திறன் உங்களிடம் என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதைத்தான் அவர் தேடுகிறார்.

பேச்சாகச் சொன்னால் புரியாது, செய்து காட்டுகிறேன். ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தின் கடைசிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு வேறு நாடகம் வந்திருக்கலாம், முறை ஒன்றுதான்.

கிழ மன்னன் லியர், தூக்கிலிட்டுக் கொல்லப்பட்ட மகள் கோர்டீலியாவின் உடலைக் கையில் ஏந்தி வருகிறான். "தவ்ல்ட் கம் நோ மோர்", நீ இனி வரமாட்டாய் என்கிறான். அடுத்த வரி முழுவதும் ஒரே சொல்: "நெவர், நெவர், நெவர், நெவர், நெவர்." அதற்கடுத்து, "ப்ரே யூ, அன்டூ திஸ் பட்டன். தேங்க் யூ, சர்." தயவுசெய்து இந்தப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள், நன்றி ஐயா.

கதை சொல்லும் மாணவர் இங்கே, "மகள் இறந்ததால் லியர் மிகவும் துயரப்படுகிறான்" என்று எழுதி அடுத்த பத்திக்குப் போய்விடுவார். நாம் இங்கேயே நிற்போம்.

முதலில் காது. ஷேக்ஸ்பியரின் வழக்கமான வரியில் ஐந்து துடிப்புகள், ஒவ்வொன்றிலும் மென்மை முன்னால், அழுத்தம் பின்னால். 'நெவர்' என்ற சொல்லில் அழுத்தம் முன்னால் விழுகிறது. ஐந்து முறை அதையே சொல்லும்போது அந்த வரி முழுவதும் தலைகீழாகத் துடிக்கிறது. நாடகம் முழுக்க ஓடிவந்த தாளம் இங்கே புரண்டு விழுகிறது. இதைச் சுட்டிக்காட்டி, ஒரு மனிதனின் உலகம் கவிழ்ந்ததை ஓசையே சொல்கிறது என்று எழுதினால் அது பகுப்பாய்வு.

அடுத்து, யாரை எப்படி அழைக்கிறான்? மகளுக்கு 'தவ்', அதாவது நீ. பொத்தானைக் கழற்றக் கேட்கும்போது 'யூ', நீங்கள். இரண்டு வரிக்குள் இந்த மாற்றம். இங்கேதான் நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான், லண்டன் பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தை அடிக்குறிப்பு சொல்லித்தர வேண்டும். நமக்குத் தமிழில் நீ, நீங்கள். கிரியோலில் தோ, ஊ. பிரெஞ்சில் த்யூ, வூ. மரியாதை ஏறுவதையும் இறங்குவதையும் காதால் உணர்ந்து வளர்ந்தவர்கள் நாம். முதல் காட்சிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். அரசவை நடுவில் கென்ட் பிரபு மன்னனைப் பார்த்து, "வாட் வுட்ஸ்ட் தவ் டூ, ஓல்ட் மேன்?" என்று கேட்கிறான். கிழவா, நீ என்ன செய்யப் போகிறாய்! சபையே உறைந்திருக்க வேண்டும். நம் ஊர்த் தமிழ்ப் பிள்ளைக்கு அந்த அதிர்ச்சியை விளக்க வேண்டியதில்லை. ஷேக்ஸ்பியர் எல்லா இடத்திலும் இந்த வேறுபாட்டைக் கறாராகக் கடைப்பிடிப்பதில்லை, அதனால் ஒவ்வொரு 'தவ்'வுக்கும் பின்னால் ஓடாதீர்கள். மாறும் இடத்தைப் பிடியுங்கள்.

மூன்றாவது, பொத்தான். இவ்வளவு பெரிய துயரத்தின் நடுவில் எதற்கு ஒரு பொத்தான்? மூன்றாம் அங்கத்தில், புயலில், லியர் தன் உடைகளைக் கிழித்தெறியப் பார்த்து, "கம், அன்பட்டன் ஹியர்" என்று கத்தியிருக்கிறான். அது கட்டளை. இப்போது கேட்பது வேண்டுகோள், கூடவே நன்றியும். நாட்டைப் பங்கு பிரித்து, "யார் என்னை அதிகம் நேசிக்கிறீர்கள், சொல்லுங்கள்" என்று மகள்களுக்கு உத்தரவு போட்ட மன்னன், கடைசியில் பொத்தான் கழற்றிவிட்டவருக்கு நன்றி சொல்கிறான். இந்த மூன்று இடங்களையும் ஒரு பத்தியில் கோர்த்துவிட்டால் அதிகாரம் பற்றிக் கேட்டாலும், முதுமை பற்றிக் கேட்டாலும், உடைகளும் வேடமும் பற்றிக் கேட்டாலும் அது உதவும்.

இப்படி ஒரு நாடகத்தில் எட்டுப் பத்து இடங்களை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். முழு நாடகத்தையும் மேலோட்டமாக அறிந்தவரைவிட நீங்கள் நன்றாக எழுதுவீர்கள்.

எப்படி வாசிப்பது? முதல் வாசிப்பு நிறுத்தாமல். பென்சில் வேண்டாம், அகராதி வேண்டாம், புரியாத வரியில் மாட்டிக்கொண்டு அழவும் வேண்டாம். நாடகமென்றால் ஒரே மூச்சில். புயல் எச்சரிக்கை விட்டுப் பள்ளிகளை மூடும் நாள் இதற்கு மிகவும் ஏற்றது. மின்சாரம் போவதற்குள் மூன்றாம் அங்கத்தை வாசித்துவிடுங்கள், லியரின் புயலுக்குப் பின்னணி இசை வெளியே இலவசமாகக் கிடைக்கும். இரண்டாம் வாசிப்பு பென்சிலோடு: ஓரத்தில் சின்னச் சின்னக் கேள்விகள் எழுதுங்கள். "ஏன் இங்கே உரைநடை?" "இவள் ஏன் பேசாமல் நிற்கிறாள்?" மஞ்சள் மார்க்கரால் பக்கம் முழுவதும் பூசுவது வாசிப்பு அல்ல, சாயவேலை. மூன்றாவதாக, வாய்விட்டு. இதை யாரும் செய்வதில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஏனென்றால் நம் ஆங்கிலம் பிரெஞ்சையும் கிரியோலையும் கடந்து வருகிறது. பிரெஞ்சில் சொற்றொடரின் கடைசி அசையில் அழுத்தம் விழும். அதே பழக்கத்தில் ஷேக்ஸ்பியரை வாசித்தால் எல்லா வரியும் ஒரே தட்டையாகக் கேட்கும், மேலே சொன்ன 'நெவர்' தலைகீழாவது தெரியவே தெரியாது. பள்ளியில் தமிழும் எடுப்பவர்கள் அசை பிரித்துப் பழகியிருப்பீர்கள். அங்கே கணக்கு குறில், நெடில், ஒற்று. இங்கே எந்த அசையில் குரல் அழுத்துகிறது என்பது. மேசையில் தட்டிக்கொண்டே வாசியுங்கள். நல்ல நடிகர்களின் ஒலிப்பதிவைப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். திரைப்படமும் பார்க்கலாம், ஆனால் படத்தில் வெட்டிய காட்சியையும் சேர்த்த காட்சியையும் நாடகத்தில் இருப்பதாக எழுதிவிடாதீர்கள்.

நாடகம் மேடைக்கு எழுதப்பட்டது என்பது உறைக்க நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. தேவ் விராசாமி ஷேக்ஸ்பியரைக் கிரியோலுக்குக் கொண்டுவந்தவர். ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தைத் திருப்பிப்போட்டு அவர் எழுதிய 'தூஃபான்' 1991இல் வந்தது. அதில் நாடகத்தின் நாயகன் புரோஸ்பெரோவின் மகளுக்குப் பெயர் கோர்டெலியா, கூடவே ஒரு கிங் லிர் உண்டு. தேர்வில் அதைப் பற்றி எழுதச் சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் மாட்டிய தாடிக்காரராக இல்லாமல், கேலியும் சண்டையும் தெரிந்த நாடகக்காரராக ஷேக்ஸ்பியரைப் பார்க்க அது உதவும்.

நாவல் வேறு பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் ஐந்நூறு பக்கத்துக்குக் குறைந்து எழுத மனம் வராத காலத்தது. ஆண்டு இறுதி விடுமுறையில் முடித்துவிடுங்கள், அது முடியாவிட்டால் கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயி போகும் மெட்ரோவில் தினம் ஓர் அத்தியாயம். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் நோட்டில் ஒரே வரி: என்ன நடந்தது என்று அரை வரி, யார் கண்ணால் பார்க்கிறோம் என்று அரை வரி. இந்த இரண்டாம் பாதிதான் முக்கியம். கதையை யார் சொல்கிறார், அவருக்கு எவ்வளவு தெரியும், எதை மறைக்கிறார் என்பதில்தான் நாவல் கேள்விகளுக்குப் பாதி விடை கிடக்கிறது.

ஏ லெவலில் மற்றவர் கருத்துகளை எடைபோடுவதற்கும் மதிப்பெண் உண்டு. இதைப் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொண்டு, விமர்சகர்களின் பெயர்களைக் கல்யாணப் பத்திரிகையில் உறவினர் பெயர் போடுவது போல வரிசையாக அடுக்குகிறார்கள். பெயர் யாருக்கு வேண்டும்? அவர் சொன்னது சரியா என்று நூலைக் காட்டி வாதாட வேண்டும்.

அதே கடைசிக் காட்சியைப் பாருங்கள். கோர்டீலியா சாவதை நீண்ட காலம் யாராலும் தாங்க முடியவில்லை. 1681இல் நாஹும் டேட் முடிவையே மாற்றி எழுதினார்: கோர்டீலியா பிழைக்கிறாள், குளோஸ்டர் பிரபுவின் மகன் எட்கரை மணக்கிறாள், லியருக்கு அரசும் திரும்பக் கிடைக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆங்கில மேடையில் அந்த வடிவம்தான் ஓடியது. பெரிய அறிஞரான சாமுவேல் ஜான்சன், ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குப் பதிப்பாசிரியர் ஆகும்வரை அந்தக் கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படிக்கத் துணிந்தேனா என்பதே தெரியவில்லை என்று எழுதினார். 1904இல் ஏ. சி. பிராட்லி வேறொன்று சொன்னார்: லியர் கடைசி நொடியில் மகள் உயிரோடிருப்பதாக நம்பி, தாங்க முடியாத மகிழ்ச்சியில் சாகிறான். அவருக்கு ஆதாரம், "லுக் தேர், லுக் தேர்" என்று அவள் உதடுகளைக் காட்டும் வரிகள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'கிங் லியர்' இரண்டு வடிவங்களில் நமக்குக் கிடைத்திருக்கிறது: 1608இல் தனி நூலாக வந்த குவார்ட்டோ என்ற சிறிய பதிப்பு, 1623இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் தொகுப்பாக வந்த ஃபோலியோ என்ற பெரிய பதிப்பு. "லுக் தேர்" வரிகள் ஃபோலியோவில் மட்டும்தான் உள்ளன. குவார்ட்டோவில் 'நெவர்' மூன்று முறைதான் வருகிறது. லியர் முனகிவிட்டு, தன் இதயத்தையே உடைந்துபோ என்று கெஞ்சிச் சாகிறான். ஃபோலியோவில் அந்த வரியைச் சொல்வது கென்ட். ஆக, பிராட்லியின் வாசிப்பு ஒரு வடிவத்தில் நிற்கும், மற்றதில் நிற்காது. அந்த வடிவத்திலும், லியர் உண்மையில் எதைப் பார்க்கிறான் என்று யாரால் அறுதியிட்டுச் சொல்ல முடியும்? இப்படி நான்கு வாக்கியம் எழுதுகிற பிள்ளைக்குப் பத்து விமர்சகர்களின் பெயர்கள் தேவையில்லை. விரிவான குறிப்புகளோடு வரும் ஆர்டன் பதிப்பு நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு வடிவத்தில் மட்டும் உள்ள சொற்களுக்கு மேலே பொடியாக கியூ (குவார்ட்டோ) அல்லது எஃப் (ஃபோலியோ) என்று குறித்திருப்பார்கள். அந்தக் குறிகளைப் பின்தொடர்ந்தாலே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

மேற்கோள்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், அதில் சலுகை இல்லை. ஆனால் பத்து வரிப் பேச்சை முழுதாக உருப்போடுவது வீண். நான்கைந்து சொற்கள் போதும், உங்கள் வாக்கியத்துக்குள் பொருந்தி உட்காரும் அளவு. கூடவே யார் சொன்னது, யாரிடம், எந்த நேரத்தில் என்பதையும் நினைவில் வையுங்கள். எவ்வளவு நேசிக்கிறாய் என்ற கேள்விக்கு 'நத்திங்', ஒன்றுமில்லை, என்று கோர்டீலியா சொல்வதும், லியர் அதைத் திருப்பிக் கேட்பதும் எல்லாருக்கும் தெரியும். பிறகு கோமாளி அதே சொல்லை எடுத்து லியரைக் குத்துவதையும் சேர்த்து எழுதுபவர்கள் குறைவு.

கட்டுரை எழுதும் ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் பத்து நிமிடம் பேனாவை வைத்துவிட்டு யோசியுங்கள். பக்கத்து மேசைக்காரர் இரண்டாம் பக்கத்துக்குப் போனாலும் பதற வேண்டாம். கேள்வியில் 'ஹவ் ஃபார்' என்றிருந்தால், எவ்வளவு தூரம் ஒப்புக்கொள்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். முழுக்கச் சரி என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். முன்னுரையில் ஷேக்ஸ்பியர் 1564இல் ஸ்ட்ராட்ஃபர்டில் பிறந்தார் என்று தொடங்காதீர்கள். கேம்பிரிட்ஜில் அந்தச் செய்தி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. உங்கள் வாதம் என்ன என்பதை மூன்று நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். நான்கைந்து பத்திகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி முன்னே போக வேண்டும். ஜெனரல் பேப்பர் என்ற பொதுக் கட்டுரைத் தாளுக்கு எழுதும் "ஒருபுறம், மறுபுறம்" நடையை இங்கே இழுத்து வராதீர்கள். கடைசி ஐந்து நிமிடம் வாசித்துத் திருத்த.

முன்பின் பார்த்திராத பகுதிக்குத்தான் பிள்ளைகள் அதிகம் பயப்படுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், யாருடைய நோட்ஸும் அங்கே உதவாது. கவிதையென்றால் இருமுறை வாசித்துவிட்டுக் கேளுங்கள்: யார் பேசுகிறார், யாரிடம்? எங்கே தொனி திரும்புகிறது? வாக்கியம் வரி முடிவில் நிற்கிறதா, அடுத்த வரிக்கு வழிந்து ஓடுகிறதா? கடைசி வரி கதவைச் சாத்துகிறதா, திறந்து விடுகிறதா? அணிகளின் பெயர்களைத் தேடிப் பட்டியல் போடுவது பயனில்லை. "இங்கே உருவகம் உள்ளது" என்பது செய்தி. அந்த உருவகம் இல்லாமல் போனால் கவிதை எதை இழக்கும் என்பதே விடை. வாரத்துக்கு ஒரு கவிதை, இருபது நிமிடம், யாரிடமும் கேட்காமல் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். அர்த்தம் முழுவதும் பிடிபடவில்லையா, எந்த இடத்தில் கவிதை இரண்டு பொருளாகப் பிரிகிறது என்று அதையே எழுதுங்கள். பாசாங்கைவிட அது மேல்.

இனி லெசோன் விவகாரம். நம் நாட்டில் தனிவகுப்புக்குப் போகாத பிள்ளையைப் பார்ப்பது அரிது. கணக்குக்குப் போங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. இலக்கியத்துக்குப் போனால், கட்டுரை எழுதச் சொல்லித் திருத்தித் தருபவரிடம் போங்கள். கட்டுக்கட்டாக ஃபோட்டோகாப்பி கொடுத்து "இதை அப்படியே எழுது" என்பவரிடம் வேண்டாம். ஒரே பத்தி பல விடைத்தாள்களில் வரும்போது அதைப் படிப்பவருக்குத் தெரியாமல் போகாது. சொந்த எதிர்வினைக்கென்றே மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறார்கள், அதை வாடகைக்கு வாங்க முடியாது. அந்தப் பணத்தில் பழைய கேள்வித்தாள்களை வாங்குங்கள். தேர்வாளர் அறிக்கைகளையும் தேடிப் படியுங்கள், முந்தைய ஆண்டு மாணவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்று அவற்றில் வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். புத்தகத்துக்குக் கியூர்பிப் கார்னெகி நூலகமும் உங்கள் ஊர் நகராட்சி நூலகமும் இருக்கின்றன. பள்ளி நூலகத்தில் இருக்கும் தடித்த பதிப்புகளைப் பலர் தொடுவதே இல்லை, முதலில் கேட்பவருக்குக் கிடைக்கும்.

தேர்வு நாளுக்கென்று சில சில்லறை விஷயங்கள். முந்தின இரவு புதிதாக எதையும் படிக்காதீர்கள். உங்களுடைய அந்த எட்டுப் பத்து இடங்களை மட்டும் வாய்விட்டு வாசித்துவிட்டுத் தூங்குங்கள். உள்ளே போனதும் பகுதி கொடுத்த கேள்வியையும் கட்டாயம் வாசியுங்கள். கட்டுரைதான் எழுதுவேன் என்று முன்கூட்டியே சபதம் செய்துகொண்டவர்கள், தமக்கு நன்கு தெரிந்த பகுதி அச்சிட்டு எதிரில் கிடப்பதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் பகுதிக்குள்ளேயே பெரும்பாலும் நில்லுங்கள், நூலின் மற்ற இடங்களைத் தொட்டுக்கொள்ளலாம். கருப்பு அல்லது கருநீல மை. கேள்வி எண்ணோடு ஏ, பி என்ற எழுத்தையும் ஓரத்தில் போடுங்கள்.